பெயர் ஒட்டாத தட்டுகள்

ஏங்க,

இன்று காலை உங்கள் அலமாரியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. பழைய காகித உறை, பூச்சி உருண்டை, மழைக்கால ஈரம் எல்லாம் கலந்த வாசனை. கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு கிள்ளானுக்குப் போகிறேன். சாமான் கட்ட வந்தவள், அடித்தட்டில் இருந்த இசைத்தட்டுக் கட்டை எடுத்துப் பிரித்தாள்.

"அம்மா, இதுல பேரே இல்ல. படமும் இல்ல. வெறும் வெள்ளப் பேப்பர் ஒட்டியிருக்கு. லோரி நாளைக்கு வந்துடும்லா, இதத் தூக்கிப் போட்டுறலாமா?"

"அதப் போட்டா உங்கப்பா எழுந்து வந்துடுவாரு."

"வரட்டுமே," என்றாள்.

பிறகு அவளுக்கு விளக்கினேன், நீங்கள் விளக்குகிற மாதிரியே. ஒரு பாட்டை இசைத்தட்டாகக் கடைக்கு அனுப்புவதற்கு முன், ஒலி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க நாலைந்து தட்டு மட்டும் அடித்துக் கேட்பார்கள். சோதனைத் தட்டு. அதில் பாட்டின் பெயரோ பாடியவர் பெயரோ இருக்காது. கேட்டு முடித்ததும் பெரும்பாலும் எறிந்துவிடுவார்கள். அப்படித் தப்பிய ஒன்றிரண்டைத் தேடித்தான் கிள்ளானில் மூடப்போகும் ரேடியோ கடைகளிலும் சுங்கை வேயில் பழைய சாமான் வாங்குபவர்களிடமும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தீர்கள்.

ரயில் பட்டறையின் இரும்புச் சத்தத்தில் உங்கள் இடது காது எப்போதோ போயிருந்தது. வலது காதும் அரைகுறை. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் இருக்கும் வழுவழுப்பான வளையத்தில் ஓர் எண்ணைக் கீறியிருப்பார்கள். டார்ச் அடித்து அதைப் படிப்பது நீங்கள். ஊசி வைத்தபின் கேட்பது நான். "நம்பரு என் வேல, குரலு உன் வேல," என்பீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இதில் ஆசையே கிடையாது. உங்கள் பக்கத்தில் உட்கார ஒரு காரணம், அவ்வளவுதான்.

அந்தத் தாலாட்டு நினைவிருக்கிறதா? கிள்ளானில் கிடைத்த, வெள்ளைப் பேப்பர் ஒட்டிய சோதனைத் தட்டு. கடையில் வாங்கிய தட்டு ஏற்கெனவே நம்மிடம் இருந்தது. இரண்டிலும் ஒரே எண், கடைசி இலக்கம் மட்டும் வேறு. அதே பாடகி இன்னொரு தடவை பாடியது என்றீர்கள். இரண்டு வரி கேட்டுவிட்டு, "இது அவங்க குரல் இல்லங்க, வேற ஆளு," என்றேன். மூன்று நாள் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நாலாம் நாள், அந்தப் பாட்டுக்குப் புல்லாங்குழல் வாசித்தவரைத் தேடிப் பிடித்தீர்கள். முதலில் பாடியது வேறொரு பெண், கம்பெனிக்குக் குரல் பிடிக்காமல் அடுத்த வாரம் ஆளை மாற்றினார்கள், அந்தப் பெண் இப்போது சாலாக் செலாத்தானில் இருக்கிறார் என்றார் அவர்.

மோட்டார் சைக்கிளில் போனோம். தோளில் தொங்கிய பையில் தட்டு, நம் இருவருக்கும் நடுவில் அந்தச் சின்னப் பெட்டி பிளேயர். கதவைத் திறந்த அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும், "எனக்குப் பாட வராது தம்பி. வீடு மாறி வந்துட்டீங்க," என்றார். நீங்கள் பிளேயரை மேசையில் வைத்துத் தட்டைப் போட்டீர்கள்.

பாதிப் பாட்டில் அவர் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவ போடுங்க," என்றார். மூன்று முறை போட்டோம்.

"தொண்ட சரியில்லன்னு அனுப்பிட்டாங்க," என்றார். "அதுக்கப்புறம் என் பிள்ளைங்களத் தூங்க வைக்கக்கூட நான் பாடல." கொஞ்சம் பொறுத்து உங்கள் முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தானே தம்பி பாடியிருக்கேன்?"

"ரொம்ப நல்லா பாடியிருக்கீங்க அக்கா," என்றீர்கள். அந்தக் குரலில் பாதிகூட உங்கள் காதில் விழுந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

தட்டையும் பிளேயரையும் அங்கேயே விட்டுவிட்டு எழுந்தீர்கள். நம்மிடம் இருந்ததிலேயே அரிதானது அதுதான். வழியில், "ஏங்க குடுத்தீங்க?" என்று உங்கள் வலது காதோரம் கத்தினேன். வண்டியை மெதுவாக்கி, "அவங்க இன்னும் கேட்டு முடிக்கலயே," என்றீர்கள்.

கடைசி இரண்டு வருடத்தில் வலது காதும் முழுதாகப் போனது. அப்போதும் விடவில்லை. தட்டு சுற்றும்போது ஒலிப்பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்ப்பீர்கள். "எப்படி இருக்கு, சொல்லு," என்பீர்கள். நான் நோட்டில் எழுதிக் காட்டுவேன். ஆரம்பத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். பிறகு மருந்து, ஆஸ்பத்திரி, சமையல் என்று ஓய்ந்துபோய், "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதத் தொடங்கினேன்.

ஒரு நாள் ஒரே பாட்டின் கடைத் தட்டையும் வெள்ளைத் தட்டையும் கொண்டுவந்து, "ரெண்டும் ஒண்ணா, வேறயா?" என்று கேட்டீர்கள். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் வரியைக்கூட முழுசாகக் கேட்காமல், "ஒண்ணுதான்" என்று எழுதிவிட்டுப் போனேன். நீங்கள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. உறைமேல் பென்சிலால் 'ஒன்றே' என்று எழுதி வைத்தீர்கள். நீங்கள் என்னைக் கேட்கச் சொன்ன கடைசித் தட்டு அது.

இன்று மகள் சாப்பாடு வாங்கப் போன நேரத்தில் அந்த இரண்டையும் எடுத்துப் போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டேன்.

ஒன்றில்லைங்க.

பாடகர் அதே ஆள்தான். வெள்ளைத் தட்டில் அவர் இரண்டாம் சரணத்தில் ஒரு சொல்லை மறந்துவிடுகிறார். நிறுத்தவில்லை, அந்த இடத்தை முனகி நிரப்புகிறார். வயலின்காரர் அதைக் கவனித்து வேகத்தைக் குறைக்கிறார், சொல் வரட்டும் என்று காத்திருப்பதுபோல. சொல் வந்துவிடுகிறது. அது வந்த சந்தோஷத்தில் அவர் குரலில் லேசாக ஒரு சிரிப்பு. கடைத் தட்டில் இது எதுவும் இல்லை. அதில் எல்லாம் சரியாக இருக்கிறது.

'ஒன்றே' என்பதை அழித்துவிட்டு 'வேறு' என்று எழுதினேன். உங்கள் கையெழுத்தை அழிக்க மனம் வரவில்லை, இருந்தாலும் அழித்தேன். இதைத் தவிர, தப்பான குறிப்போடு ஒரு தட்டு உங்கள் அலமாரியில் இருந்ததில்லை. தட்டுகள் எல்லாம் என்னோடு கிள்ளானுக்கு வருகின்றன. ஒவ்வொன்றாக, முழுசாகக் கேட்பேன்.

கேட்டதையெல்லாம் நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதினேன். முடித்ததும் கை தானாக நோட்டைத் திருப்பி வைத்தது, எதிரில் இருப்பவர் படிக்க வசதியாக.