மூணாவது வளைவில் உப்பு டப்பா

வாத்தியாரே,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. எங்க உக்காந்தா பந்தயம் நல்லாத் தெரியும்னு ராத்திரி மேசையில ஸ்பூனெல்லாம் அடுக்கிப் பாதை போட்டீங்களே, அதை நான் தொடலை. உப்பு டப்பாதான் மூணாவது வளைவாமே! அதனால சமையல்ல உப்பு இல்ல. வளைவுலேர்ந்து கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கோங்க.

கார் ஓட்டக் கத்துக்க வர்றவங்க முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே பிரேக்கை மிதிக்கிற மனுஷன், முதல் தடவையா கார் பந்தயத் திருவிழாவுக்குப் போறார்னு கிளினிக்ல சொன்னேன். ஒருத்தரும் நம்பலை.

போன வாரம் உங்க காதுல பசை வெச்சு அச்சு எடுத்தேனே, புதுசா சேர்ந்த பொண்ணுக்குக் காட்டணும்னு? அது சும்மா. உங்க பையில நீல டப்பா இருக்கும், பாருங்க. உங்க காது அளவுக்கே செஞ்ச அடைப்பான். அங்க கழட்டக் கூடாது. வீட்டுல போட்டுக்கவே கூடாது. இப்பவே நான் சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதான்.

நேத்தும் அப்படித்தான். அந்த இரைச்சல்ல காது போயிடும்னு சொன்னேன். தினம் பத்துப் பேர் காதைச் சோதிக்கிறவ வேற என்ன சொல்லுவா? உடனே, "அப்ப உன் டிக்கெட் தம்பிக்கு"ன்னு போர்வையை இழுத்து மூடிட்டீங்க. காது போயிடும்னுதானே சொன்னேன்? வரமாட்டேன்னு சொன்னேனா?

உங்க தம்பி சாயங்காலம் வருவார். காபி போட்டுக் குடுங்க.

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துடுங்க.

பி.கு: டப்பாவுல இன்னொரு ஜோடி இருக்கும். போட்டுப் பாக்காதீங்க, உங்களுக்குச் சின்னது. தம்பிக்குக் காபி மட்டும் போதும்.