காட்டு வழிக்கு நான் சொன்ன நன்றி

ஆஷ்கோம்,
செப்டம்பர் 29

அன்பு மகள் ஜெம்மாவுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன், நாயும் இருக்கிறது, இடுப்பு வலி எங்களோடு மூன்றாவது ஆளாகக் குடியிருக்கிறது. நீயும் பீட்டும் குழந்தை ஐவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில், உங்கள் ஹோபார்ட்டில் இப்போதுதான் குளிர் விட்டிருக்கும், அதை நம்பிக் குழந்தைக்குக் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடாதே, அவளுக்கு உன் அப்பாவின் நெஞ்சு. நீ அனுப்பிய காலுறை வந்துசேர்ந்தது, அளவு சரி. இங்கே ஆப்பிள் இந்த வருஷம் கொட்டிக்கிடக்கிறது, பறிக்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் பாதை வழக்கு என்ன ஆச்சு என்று கேட்டாய், இன்னும் தெரியாது என்றேன். அது பொய். முடிவு அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. தோற்றுவிட்டோம் ஜெம்மா. தோற்றது என்னால். அதை வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் காகிதத்தில் சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான். தேவாலயத்துக்குப் பின்னால் மரப்படி ஏறி வேலியைத் தாண்டி, ஓக் காட்டுக்குள் இறங்கி, ஆற்றோரமாகவே போய்க் கூரையில்லாத பழைய மடத்தில் முடிகிற நம் வழி. அந்த மடத்தை ஏதோ ஒரு ராஜா இடித்தே ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது, துறவிகள் அதற்கும் முன்னால் நடந்த வழி அது. ஆனால் கவுண்டி ஆபீஸின் மாவட்ட வரைபடத்தில் அதற்குக் கோடு இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் லண்டனிலிருந்து வந்து எஸ்டேட்டை வாங்கிய ட்ரென்ச்சர்ட் அதைத்தான் பிடித்துக்கொண்டான். வேட்டைக்கு வளர்க்கும் பறவைகள் மிரள்கின்றன என்று போன குளிர்காலத்தில் காட்டு வாசலில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டான். வருஷத்துக்குப் பத்து நாள் துப்பாக்கியோடு வருகிறவனுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் காடு வேண்டுமாம். சட்டம் சொல்வது இதுதான்: இருபது வருஷம் ஊரார் ஒளியாமல், எதையும் உடைக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்திருந்தால் அது பொதுவழி. மூன்றும் வேண்டும். க்ளைவ், அதுதான் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், வீடு வீடாகப் போய் அறுபத்தொரு பேரிடம் எழுதி வாங்கினார். நானும் எழுதிக் கொடுத்தேன்.

விசாரணை ஜூன் மாதம் ஊர்க் கூடத்தில் இரண்டு நாள் நடந்தது. அதிகாரி ஒரு அம்மாள், பிளாஸ்கில் தன் சூப்பைத் தானே கொண்டுவந்திருந்தாள், நம் ஊர் டீயைக்கூடத் தொடவில்லை, அவ்வளவு நேர்மை. முதல் நாள் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு டோரீனிடம் எஸ்டேட் வக்கீல், எழுபதுகளில் அந்தக் காட்டுக்குள் எதற்காகப் போனீர்கள் என்று கேட்டான். அவள் திரும்பிக் கூடத்தைப் பார்த்துவிட்டு, “ஏன்ப்பா, எம் புருசன் அங்க உக்காந்திருக்கான், அவனத் தவிர வேற ஆளு பேரும் சொல்லணுமா?” என்றாள். கூடமே சிரித்தது, அதிகாரி அம்மாள்கூடக் குனிந்துகொண்டாள். ஜெயித்தாயிற்று என்று அன்று எல்லோரும் மதுக்கடைக்குப் போனோம்.

மறுநாள் என் முறை. வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். நீலக் கோடு போட்ட காகிதம், என் கையெழுத்து. உன் அப்பா நம்மை விட்டுப்போன அந்த வாரத்தில், அவர் சாம்பலை மடத்துப் பக்கம் ஆற்றில் கரைக்கலாமா என்று எஸ்டேட்டின் பழைய சொந்தக்காரி மிஸஸ் ஆல்டிங்டனுக்கு எழுதினோமே, அந்தக் கடிதம். “கேட்டுட்டே போவோம்மா, அதான் மரியாதை” என்று நீ சொன்னாய். உன்மேல் போட்டுக்கொள்ளாதே, சாம்பலைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நீ டீ போட எழுந்துபோனபோது பக்கம் பாதி வெறுமையாக இருந்தது, மொட்டையாக முடிக்கக் கூடாது என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். உங்கள் குடும்பம் அன்போடு கொடுத்துவரும் அனுமதியால்தான் ஊரில் நாங்கள் எல்லோரும் இத்தனை காலமாக அந்த வழியில் நடந்துவருகிறோம், அதற்கு எங்கள் எல்லோர் சார்பிலும் நன்றி. யாரும் எனக்கு அனுமதி கொடுத்ததில்லை, நானும் ஒருநாளும் கேட்டதில்லை. சும்மா எழுதினேன். காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஜனம் நாம், அந்தப் பழக்கத்தில் எழுதினேன். அந்தக் கிழவி அதைப் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள், வீட்டுப் பத்திரங்களோடு அதுவும் விலைக்குப் போயிருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முந்தைய கடிதம், சட்டம் கேட்கிற அந்த இருபது வருஷத்துக்கு உள்ளே விழுகிறது.

“இது நீங்க எழுதுனதுதானேம்மா?” என்றான் வக்கீல், ரொம்ப மென்மையாக. ஆமாம் என்றேன். அந்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னான், படித்தேன். போதும், நீங்கள் போகலாம் என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நன்றி என்றேன். அவனுக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன் ஜெம்மா. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பில் என் வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊரார் நடந்தது உரிமையால் இல்லை, தயவால் என்று. கேட்காமல் திமிராக நடந்தவர்களுக்குச் சட்டம் வழி கொடுக்கிறது, வாய் நிறைய நன்றி சொன்னவளிடமிருந்து பிடுங்குகிறது. நமக்கு மரியாதை சொல்லிக்கொடுத்தது யார்? நிலம் வைத்திருந்தவர்கள்தான். தொப்பியைக் கழற்று, கதவைச் சாத்து, நன்றி சொல்லு. சொன்னோம். அதையே சாட்சியாக வைத்துக்கொண்டார்கள்.

ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “விடுங்கம்மா, யாரா இருந்தாலும் எழுதியிருப்பாங்க” என்றார் க்ளைவ், அதோடு சனிக்கிழமை முட்டை வாங்க வருவதை நிறுத்திவிட்டார். டோரீன் ஒருத்திதான் திட்டினாள். “நன்றி சொல்லியே ஊரு வழிய அடைச்ச ஒரே பொம்பள நீதாண்டி” என்று வாசலில் நின்று கத்தினாள், பிறகு உள்ளே வந்து கேக் முழுவதையும் தின்றுவிட்டுப் போனாள். அன்றைக்கு மட்டும்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

அக்டோபர் பதினான்கு, உன் அப்பாவின் நினைவு நாள் வருகிறது. எட்டு வருஷமாக அந்த நாளில் நான் மடத்துப் படியில் உட்கார்ந்து உன் அப்பாவோடு ஒரு சாண்ட்விச் தின்றிருக்கிறேன். எஸ்டேட்டில் காவல்காரனாக இருக்கும் லீ, உன்னோடு படித்தவன், கடையில் என்னைப் பார்த்துவிட்டு, “நான் கண்ண மூடிக்குவேன் ஆன்ட்டி, ஆனா மரத்துக்கு மரம் கேமரா கட்டிருக்காங்க, என் வேல போயிரும்” என்றான். அவனுக்கு இரண்டு குழந்தைகள். எஸ்டேட் ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல், தேன் மாதிரி. “முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்களேன், இந்த மாதிரி விஷயத்துக்கு அவர் இல்லைன்னே சொல்லமாட்டார்” என்றாள். எழுதிக் கேட்க வேண்டுமாம். மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்றும் தயவுசெய்து என்று தொடங்கி நன்றி என்று முடிந்தது. எனக்கு வேறு மாதிரி எழுத வராது. மூன்றையும் அடுப்பில் போட்டேன். எழுதினால் அந்த வழி அவனுடையது என்று இரண்டாவது தடவை நானே கையெழுத்துப் போட்டதாகும். எழுதாவிட்டால் உன் அப்பாவிடம் போக முடியாது. எதிர்க்கரை வழியாகச் சுற்றினால் ஒன்பது மைல், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு எங்கே போவது. வீம்புக்காக ஏறிக் குதிக்கலாம் என்றால் மரப்படியையும் பிடுங்கிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாலைப் பாலத்தில் போய் நிற்கலாம் என்றிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் மடத்துச் சுவரின் ஒரு மூலை தெரியும், இலை உதிர்ந்திருந்தால். இந்த வருஷம் வெயில் நீண்டுவிட்டது, மரமெல்லாம் இன்னும் பச்சையாகவே நிற்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போது ஐவியைத் தாத்தாவிடம் கூட்டிப்போவதாகச் சொல்லிவைக்காதே. அவள் தலையைத் தடவிக் கொடுத்ததாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், யார் தயவும் இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், இதைப் படித்து முடித்ததும் அம்மாவுக்காக அந்த ட்ரென்ச்சர்டுக்கு அங்கிருந்து அழகாக ஒரு கடிதம் எழுத உட்காருவாய். எழுதாதே.

உன் அம்மா,
ஹில்டா