உச்சரிப்புக்குக் கிடைத்த பாராட்டு

அன்புள்ள ராட்கோவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். நான் பார்த்துக்கொள்ளும் கிழவியின் மகள் உல்ரிகே, ஜெர்மன் கற்பதற்காக என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றித் தந்தாள். வேதியியல் பட்டதாரியான நான் வாயைத் திறந்தாலே "அருமை!" என்று கைதட்டும் முட்டாள் இயந்திரம் அது. அதில் பயின்று நேற்று அவளிடம், "எங்க ஊர் ஈஸ்டருக்கு நான் சோபியாவுக்குப் போகணும், லீவு வேணும்" என்றேன்.

"அடடா, என்ன அழகா பேசறீங்க ஸ்டோயங்கா!" என்று தோளைத் தட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.

"இந்தாம்மா, மார்க் போடச் சொல்லலை. பதில் சொல்லு!"

செயலியில் இல்லாத அந்த வாக்கியத்தை நானே கட்டினேன். விடுப்பு கிடைத்தது, அவள் புன்னகை போயிற்று.

நான் ஊருக்கு வரும்வரைக்கும் கொஞ்சம் உலர்ந்த புதினா அனுப்புங்கள். கூடவே நம் மொழியில் நாலு வரி என்னைத் திட்டியும் எழுதுங்கள். இங்கே பாராட்டுக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கிழவி கூப்பிடுகிறாள்.

ஸ்டோயங்கா