எட்டாத ஏணி

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அப்பாவின் இஸ்திரிக் கடையில் ஈரம் காயாத துணி மூட்டை மூட்டையாக. கணக்கு மாதத் தேர்வுத் தாள் கொடுத்தார்கள். நூற்றுக்கு 38.

கோபுரத்தின் உயரம் காணும் கணக்கு என் செல்லக் கணக்கு. அப்பா பேன்ட் தேய்த்துக்கொண்டே கைடை விரித்து வைத்துப் பார்ப்பார், நான் வரிவரியாக ஒப்பிப்பேன். ஒரு ‘எனவே’ விட்டுப்போனாலும், “எனவே எங்க தாயி?” என்று நிறுத்திவிடுவார். தேர்விலும் ஒரு எனவே விடாமல் எழுதினேன். கைடில் ஆள் கோபுரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கிறான். கேள்வித்தாளில் 45 மீட்டர். நான் எழுதியது முழுக்க 30. டீச்சர் சிவப்பு மையில்: ‘நீ அளந்தது வேறு ஊர்க் கோபுரம்.’

அரையாண்டில் அறுபதுக்குக் குறைந்தால் பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் கேட்டு வராதே என்றும் சொல்லிவிட்டார். ரிஸ்வானாவுக்கு அந்த குரூப் உறுதி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச் நாங்கள். இனி அவள் ஒரு வகுப்பு, நான் ஒரு வகுப்பு என்று ஆகிவிடும்.

நவ. 19

மழை இல்லை. மதியம் ரிஸ்வானாவின் டப்பாவில் பாதி என் வயிற்றுக்கு. நெய்ச்சோறு. அவள் அம்மா கைமணமே தனி. எப்படிடி படிக்கிறாய் என்று கேட்டேன்.

“மொதல்ல கைட மூடு. கணக்கு என்ன செய்யுளா, மனப்பாடம் பண்ண?”

அவள் சொன்னவை:
– தினம் அரை மணி. ஞாயிறு மொத்தமாக உட்காருவது செல்லாது.
– பார்த்துப் போட்ட கணக்கை நம்பர் மாற்றி, பார்க்காமல் போட வேண்டும்.
– தப்பை அழிக்கக் கூடாது. எங்கே சறுக்கியது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.
– கணக்குப் போடும்போது முறுக்கு கூடாது. (முறுக்கு தின்றுகொண்டே சொன்னாள்.)

நவ. 20

நல்ல வெயில். நம்பரை நானே மாற்றினால் எனக்கு வசதியாகத்தான் மாற்றுகிறேன். 30ஐ 60 ஆக்கினால் விடையும் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். திருட்டுப் புத்தி. அப்பாவிடம் போனேன்.

“இனி ஒப்பிக்க வேணாம்ப்பா. நம்பர மட்டும் மாத்திக் குடுங்க.”

“அப்ப நான் சரி பாக்க வேணாமா?” முகம் வாடிவிட்டது. ஏழாவதோடு நின்றவர். என்னைக் கேள்வி கேட்கும் அந்த நேரத்தில் டீ குடிக்கக்கூட எழுந்து போக மாட்டார்.

“இது அதவிடப் பெரிய வேலப்பா.”

துணிக்குக் குறி போடும் பேனாவை எடுத்தார். பாவம், உடனே நம்பிவிட்டார்.

நவ. 27

ஒரு வாரமாக எழுதவில்லை. கணக்கு, கணக்கு. பாவாடையில் மசிக் கறை.

இன்றைக்கு: ஒரு ஏணி சுவரை 12 அடி உயரத்தில் தொடுகிறது. ஏணியின் அடி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி? கைடில் ஏணி 13 அடி. அப்பா அதை அடித்து 10 ஆக்கியிருந்தார். போட்டால், வர்க்கமூலத்துக்குள் மைனஸ் 44. திரும்பப் போட்டேன். மைனஸ் 44. என் மண்டையில் ஒன்றுமே இல்லை என்று அழுகையே வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டுப் படம் வரைந்து பார்த்தேன்.

“அப்பா! பத்தடி ஏணி பன்னண்டு அடிக்கு எப்புடிப்பா எட்டும்?”

அப்பா யோசித்தார். “கீழ ஒரு ஸ்டூலப் போட்டுக்கயேன்.”

தேய்க்கக் கொடுத்த சேலையை வாங்க வந்த ஒரு அக்கா: “இம்புட்டு நேரமா ஏணியவா தேச்சீங்க? எஞ்சேல எங்கண்ணே?”

சிரித்துச் சிரித்து வயிறு வலி. கைடைப் பார்க்காமல் ஒரு கணக்கை நானே தப்பு என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

டிச. 15

பனி. அரையாண்டு கணக்கு. கை சில்லிட்டுப் போனது. அப்பா தேய்த்துக் கொடுத்த சட்டையில் சூடு மட்டும் மிச்சம்.

கடைசிக் கணக்கு, 15 மீட்டர் கொடிக்கம்பம். உச்சியிலிருந்து தரைக்கு ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறது; கம்பத்தடியிலிருந்து எவ்வளவு தள்ளி? வர்க்கமூலத்துக்குள் மைனஸ்! சட்டென்று பத்தடி ஏணி ஞாபகம். கம்பத்தைவிடக் கம்பி குட்டையாக இருக்க முடியாதே. கேள்வியைத் திரும்பப் படித்தால், கம்பி 17 மீட்டர். நான் 11 என்று எடுத்து எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டு, 8 என்று எழுதவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

ஜன. 6

62.

கம்பிக் கணக்குக்கு ஐந்து மார்க். அது இல்லாவிட்டால் 57. ரிஸ்வானா கத்திய கத்தலில் அவளுக்கு டீச்சரிடம் திட்டு. “ஜன்னல் பக்கம் எனக்குத்தாண்டி” என்று இப்போதே துண்டு போடுகிறாள்.

பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு ஓட்டம். “எம்புட்டு?” என்றார், இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே. சொன்னேன். “நீங்க தப்பாப் போட்ட ஏணிதாம்ப்பா காப்பாத்துச்சு.”

“தப்பாவா? தெரிஞ்சுதான தாயி போட்டேன்!”

பச்சைப் பொய். எனக்கு அப்பாவை எவ்வளவு பிடிக்கும் என்று எங்காவது எழுதி வைக்க வேண்டும். ரொம்ப.

பெட்டியை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார். “பிளஸ் ஒன்னுக்குக் கைடு கெடைக்குமான்னு கேட்டு வா. அம்புட்டு நம்பரையும் மாத்தணும்ல, இப்பவே ஆரம்பிச்சாத்தான் ஆகும்.”