கோழிகள் மிரளாமல் நடப்பது

ஜூலை 21, திங்கள்

விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. கோழி ஷெட் ஓரத்துச் சாக்குப் படுதா கிழிந்து தொங்குகிறது. பார்க்க வேண்டியது: தைக்க ஆள். மோட்டார் பெல்ட். பி.பி. மாத்திரை.

மோகனூரில் 'தாய் சி' வகுப்பு, மெதுவாக அசைந்து நடக்கும் சீனத்துப் பயிற்சி; நான்காம் நாள். டாக்டர் சொன்னது பி.பி.க்காக. நான் போவது கோழிகளுக்காக. அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. மகள் கவிதாவுக்கு எட்டாம் மாதம், பயணம் கூடாது என்றுவிட்டார்கள். என் மனைவி சரசுதான் ஓசூர் போய் அவளோடு இருக்க வேண்டும். ஆனால் நான் ஷெட்டுக்குள் கால் வைத்தாலே மொத்தக் கோழியும் மிரளுகிறது. தீவனம், முட்டை எல்லாம் இருபது வருடமாக அவள் கை. நான் வெளிவேலை, லாரி, போனில் கத்தல்.

"நீங்க பழகற வரைக்கும் நான் எப்படீங்க பஸ் ஏறுவேன்?" என்கிறாள்.

22, செவ்வாய்

ஆயிஷா டீச்சர் என் மகளைவிடச் சின்னவள், சேலத்துக்காரி. "தோள இறக்குங்க சார். யார் மேல கோவம்?" எல்லோரும் சிரித்தார்கள். கையை மேகம் போல நகர்த்தணுமாம். எனக்குத் தீவன மூட்டை தள்ளுவது போல வருகிறது. போன் அதிர்கிறதா என்றே கவனம். போன தடவை கவிதாவுக்கு ஆறாம் மாதத்தில், குழந்தை தங்கவில்லை என்று வந்த போன் இன்னும் காதில்.

24, வியாழன்

இன்று சோதனை. முழங்கால் மடக்கி, பாதத்தை ஒற்றி ஒற்றி, சத்தமே இல்லாமல் ஷெட்டுக்குள். பத்தடி. ஒரு கோழி தலை தூக்கியது. அடுத்து வரிசை முழுக்க. றெக்கை, தூசி, கூச்சல். முட்டை எத்தனை உடைந்தது, பார்க்கவில்லை.

சரசு ஓடி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பூனையாட்டம் பதுங்கி வந்தா அதுங்க என்னன்னு நெனைக்கும்? பேசிட்டே வாங்க. ஆள் வாரது தெரியோணுமில்லீங்க."

அவள் நுழையும்போதெல்லாம் "வாரேன் சாமி, வாரேன்" என்பாள், பிள்ளையைக் கொஞ்சுவது போல. இத்தனை வருடமும் சும்மா வாய் ஓயாத பேச்சு என்று நினைத்திருந்தேன். மடையன் நான்.

இரவு. கவிதா போன். "காலு வீங்கிருக்குதுப்பா." "அம்மாவ அனுப்பறேன் சாமி." எப்போது என்று அவள் கேட்கவில்லை.

25, வெள்ளி

காற்று கொஞ்சம் மட்டு. வகுப்புக்குப் போகவில்லை. ஷெட் வாசலில் நின்று பத்து மூச்சு. தோளை இறக்கி, கதவைத் தட்டி, "வாரேன் சாமி." உள்ளே போனேன். காற்றைப் பற்றிப் பேசினேன், படுதாவைப் பற்றிப் பேசினேன். அதுவும் தீர்ந்தது. நிறுத்தினால் மிரளும். வேறு வழியில்லாமல் கவிதா பேச்சு.

"பயமா இருக்குது சாமி. போன தடவையாட்டம் ஆயிருமோன்னு பயமா இருக்குது."

சரசுவிடம்கூடச் சொன்னதில்லை. வரிசை முடியும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு போனேன். கண்ணில் தண்ணீர். கை தூக்கினால் மிரளுமென்று துடைக்கவில்லை. கடைசிக் கூண்டு வந்துவிட்டது. கோழிகள் எல்லாம் அதுபாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன.

திரும்பினால் வாசலில் சரசு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"எனக்கும் அதே பயந்தானுங்க" என்றாள். "மத்தியான பஸ்ஸுக்கே கெளம்பறேன்."