மீட்டர் ஓடட்டும்

முண்டாரா
12 ஜனவரி 2008

அன்புள்ள கிளெனிஸ் அக்காவுக்கு,

நீ தண்ணீர்த் துறையில உக்காந்துக்கிட்டு ‘சிக்கனம், சிக்கனம்’னு எழுதின கடிதத்தை ஊர் மன்றத்துல சத்தமா வாசிச்சேன். ஊரே கேட்டுக்கிச்சு. இப்ப என் வீட்டுக்காரி ஜாய்ஸ் வாளிக்குள்ள நின்னுதான் குளிக்கிறா. அந்தத் தண்ணி எலுமிச்சை மரத்துக்கு. “உன் அக்காவை இங்க வந்து ஒரு வாரம் நாறச் சொல்லு”ன்னு திட்டுறா. ஆனா ஊர்த் தண்ணிச் செலவு பாதியாக் குறைஞ்சிருச்சு! உங்க துறை கொடுத்த பாராட்டுப் பத்திரத்தைச் சுவத்துல மாட்டியிருக்கோம். பக்கத்து ஊர் டார்வெல்காரனுங்க இந்த வறட்சியிலயும் புல்தரைக்குப் பீச்சி அடிக்கிறானுங்க, வெக்கங்கெட்டவனுங்க.

உன் தம்பி,
டெரில்

அடிலெய்டு
3 மே 2011

பிரியமுள்ள டெரிலுக்கு,

ஐம்பது வருஷத் திட்டம் ஒருவழியாக முடிந்தது. எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்படும், புதுக் குழாய் எங்கே போகும், எல்லாம் இதில்தான். நம் ஊர்ப் பக்கத்தை நானே எழுதினேன். ஊர்களின் தண்ணீர்ச் செலவை மீட்டர் பார்த்து முழுதாகக் குறித்தது வறட்சி வருஷங்களில் மட்டும்தான், அதையே அடிப்படையாக வைத்தோம். முண்டாராவின் சிக்கனத்தைப் பார்த்து மேலாளரே அசந்துபோனார். ஜாய்ஸுக்கு என் முத்தங்கள்.

அக்கா

முண்டாரா
20 ஆகஸ்ட் 2018

அக்கா,

புதுக் குழாய் புல்தரைக்குப் பீச்சின டார்வெலுக்குப் போகுதாம். நமக்கு இல்லையாம். ‘முண்டாராவின் தேவை குறைவு, இருக்கும் அணையே போதும்’னு உன் திட்டத்துல போட்டிருக்கு. அடப்பாவிகளா! குளிக்காம மிச்சம் பிடிச்சதைப் பாத்துட்டு எங்களுக்குத் தண்ணியே வேண்டாம்னு எழுதிட்டீங்களா?

ஜாய்ஸுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வீட்லயே ரத்தம் சுத்தம் பண்ற மெஷின் வைக்க நல்ல தண்ணி நிறைய வேணும். நம்ம அணைத் தண்ணியில உப்பு, மெஷினுக்கு ஆகாதுன்னு டாக்டர் கைவிரிச்சுட்டார். வாரம் மூணு தடவை இருநூறு கிலோமீட்டர் வண்டியில கூட்டிட்டுப் போறேன். போக இருநூறு, வர இருநூறு. பாதி வழியில வாந்தி. எங்க தேவைன்னு போட்ட அந்த ஒரு எண்ணை மாத்திடேன் அக்கா. உன் கையெழுத்துதானே?

டெரில்

அடிலெய்டு
2 செப்டம்பர் 2018

டெரில் கண்ணா,

படித்துவிட்டு அழுதேன். திட்டத்துக்குப் பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் மறுஆய்வு, 2021 வரை எதையும் தொட முடியாது. உன்னிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். எழுதும்போதே எனக்கு உறுத்தியது. வறட்சியில் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்ததைத் தேவை என்று எழுதுகிறோமே என்று தோன்றியது. மேலாளர் அவசரப்படுத்தினார், நானும் பிறகு சரிசெய்யலாம் என்று விட்டுவிட்டேன். நீங்கள் இருவரும் இங்கே என் வீட்டுக்கே வந்துவிடுங்கள். என்னை மன்னித்துவிடு.

அக்கா

முண்டாரா
9 மார்ச் 2019

கிளெனிஸுக்கு,

ஜாய்ஸ் செவ்வாய்க்கிழமை போய்ட்டா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான். வண்டியை ஓரங்கட்டி அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு? உன் வீட்டுக்குப் போயிடலாமான்னு நான் கேட்டதுக்கு, “என் மரத்தை யாரு பாத்துக்குவா?”ன்னவ அவ.

அடக்கம் முடிஞ்சு வந்து வீட்டுக் குழாய் எல்லாத்தையும் திறந்து விட்டேன். மீட்டர் ஓடட்டும்னு உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஷெர்லி வந்து கேட்டா, மீட்டர் நிறைய ஓடினாத்தான் மறுஆய்வுல நமக்குத் தேவை இருக்குன்னு எழுதுவாங்கன்னு சொன்னேன். போய் அவளும் திறந்து விட்டா. இப்ப ஊரே அப்படித்தான். மறுஆய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அணை அதுவரைக்கும் தாங்காதுன்னு எங்களுக்கும் தெரியும்.

பாராட்டுப் பத்திரத்தை இதோட வச்சிருக்கேன், உன் ஆபீஸ் சுவத்துல மாட்டிக்கோ. இனிமே எழுதாதே. எங்களைப் பத்தி என்ன தெரியணுமோ மீட்டர்ல பாத்துக்கோ.

டெரில்