அவசரம் லேது என்று நீ எழுதிய வரி

பாவா,

நாலு நாள் முன்னால் நம் சேவை கிளப் அலமாரியில் இருந்து பழைய பதிவு நோட்டை எடுத்தேன். அட்டையைத் திறந்ததும் உன் மருந்துக்கடை மூக்கில் ஏறியது. டிஞ்சரும் வலித் தைலமும் கலந்த அதே நெடி. நோட்டை நீ கல்லாவுக்குக் கீழேயே வைத்திருப்பாய், தாளெல்லாம் அதைக் குடித்து வைத்திருக்கிறது. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நெடி போக மாட்டேன் என்கிறது. உன் பிடிவாதம் அதற்கும் ஒட்டிக்கொண்டது போல.

அடுத்த மாதம் மறுபடியும் கை இல்லாதவர்களுக்குக் கை மாட்டும் முகாம். பதிவு மேசையில் நான்தான் உட்கார வேண்டும் என்று புதுப் பிரசிடெண்ட் சொல்லிவிட்டார். நாலாங்கிளாஸ் தாண்டாதவனை எழுத உட்கார வைக்கிறார்கள், கிளப்புக்கு வந்த கஷ்டகாலத்தைப் பார். கட்டம் எப்படிப் போடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் உன் நோட்டைப் புரட்டினேன். பாலசமுத்திரம் பக்கம் வந்தது. அந்த வரியைப் பார்த்தேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால்தான் வீட்டில் கற்ற தமிழில் எழுதுகிறேன். என் தைரியம் அவ்வளவுதான்.

நான் கிளப்புக்குள் வந்த கதையை நீ ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வாய். நடந்தது இதுதான். நகரியில் ரத்ததான முகாமுக்கு மைக் செட் போட வந்தேன். காலையில் இருந்து ஒரு ஈ காக்கா வரவில்லை. நான் மைக்கைப் பிடித்து, "ரத்தம் கொடுத்தா பிஸ்கெட்டு தருவாங்க. பிஸ்கெட்டுக்காக வந்தாலும் பரவால்ல, அது ரத்தத்துக்குத் தெரியாது" என்றேன். மத்தியானத்துக்குள் வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. நீ என் தோளில் கை போட்டு, "ஒரேய் அரவோடா, நீ நோரு மாகு காவாலிரா" என்றாய். உன் வாய் எங்களுக்கு வேண்டுமடா என்று. தமிழ்க்காரனை நீங்கள் அரவோடு என்பீர்கள். எங்கள் பேச்சில் அரவம் என்றால் சத்தம். எனக்குப் பொருத்தமான பேர்தான், ரோஷப்பட ஒன்றும் இல்லை. பதிலுக்கு நான் உன்னைப் பாவா என்றேன், மச்சான் என்று.

ஆரம்பத்தில் உங்கள் மீட்டிங்கைப் பார்த்து நான் செய்யாத கிண்டல் இல்லை. கோட்டு, பேட்ஜ், கைதட்டல், கடைசியில் சமோசா. "பாவா, இதுல எது சேவை, சமோசாவா?" என்று கேட்டேன். அந்த வாயை மூட வைத்தது அந்தத் துண்டு மூட்டைதான். எங்கேயோ ஒரு மலை நாட்டில் பூமி அதிர்ந்தது என்று நகரித் தறிகளில் துண்டும் போர்வையும் வாங்கி மூட்டை கட்டினோமே, அப்போது.

"அந்த ஊர்க்காரங்க துண்டைத் தோள்ல போடுவாங்களா, தலையில கட்டுவாங்களா பாவா?"

"குளிர்ல நடுங்கறவன் எங்க வேணா போட்டுக்குவான். நீ முடிச்சைக் கட்டுரா."

கட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாய். "கிழிசல் கொடுத்தா அதுக்குப் பேரு சேவை இல்ல, குப்பை கொட்டறது" என்றாய். பார்த்தே அறியாத ஒருத்தனுக்காக அப்படிப் பார்க்கிற ஆளை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

அந்த நீதான், பாவா, பாலசமுத்திரத்தில் அந்த வரியை எழுதினாய்.

வெளிநாட்டு கிளப்காரர்கள் பிளாஸ்டிக் கை அனுப்புகிறார்கள், முழங்கைக்குக் கீழே கொஞ்சம் மிச்சம் இருந்தால் மாட்டிவிடலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேர் எழுதினோம். நான் மைக்கில் கூப்பிடுவேன், நீ எழுதுவாய். பாலசமுத்திரத்தில் கன்னியம்மா வந்து நின்றாள். கரும்பு ஆலையில் வலது கையை மணிக்கட்டோடு கொடுத்தவள். வந்தவர்களிடமெல்லாம் நீ கேட்பது ஒரே கேள்விதான்: "கை அவசரமாம்மா?"

உங்கள் தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. எங்கள் தமிழில் அவசரம் என்றால் உடனே வேண்டும் என்பது. கன்னியம்மா பின்னால் நின்ற கிழவரைத் திரும்பிப் பார்த்தாள். கரண்டு அடித்து இரண்டு கையும் போனவர். "அவசரம் இல்ல சார்" என்றாள். தமிழ் தெரிந்தும் அந்த வார்த்தை உன் காதில் தெலுங்காகவே விழுந்தது. நீ தெலுங்கில் எழுதினாய்: அவசரம் லேது. தேவை இல்லை.

நான் மைக்கில், "கைக்கு அவசரம் இல்லையாம்! மகராசிக்கு வீட்டுல மாமியாரு ஊட்டி உடுறாங்க போலக்குது. அடுத்தது யாருப்பா?" என்றேன். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே போனாள்.

முகாம் புத்தூர்க் கல்யாண மண்டபத்தில். கைகளைக் கொண்டுவந்த வெள்ளைக்காரத் தாத்தாவும் அவர் சம்சாரமும் பஞ்சுத் தலையோடு குனிந்து குனிந்து காலையில் இருந்து கை மாட்டினார்கள். மத்தியானம் முடித்துக்கொண்டு ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்த கைகள் வேறொரு நாட்டுக்குப் போக வேண்டியவை. நான் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பொம்பளை வந்து ஒயர் முனையைத் தன் முழங்கையில் மாட்டிச் சுற்றிக் கொடுத்தாள். பார்த்தால் கன்னியம்மா.

"இன்னாம்மா, பந்தி முடிஞ்சப்புறம் வர்ற?"

"காலையிலயே வந்துட்டேன் சார். லிஸ்டுல பேரு இல்லன்னாங்கோ. கூப்புடுவாங்கன்னு குந்திக்கினு இருக்கேன்."

நீ நோட்டோடு ஓடி வந்தாய். "வேண்டாம்னுட்டியே அம்மா!"

"நான் எப்போ சார் வேணாம்னேன்? அவசரம் இல்லன்னுதான சொன்னேன். அந்தத் தாத்தாக்கு ரெண்டும் இல்லியே, அவுரு மொதல்ல வாங்கிக்கினு போவட்டும்னு."

நீ உன் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். மருந்துச் சீட்டில் எந்த டாக்டர் கிறுக்கலையும் தப்பாகப் படிக்காத ஆள். போன் போட்டாய், அவர்கள் எடுக்கவில்லை. "பண்டி தீரா" என்றாய், வண்டியை எடுடா என்று.

குழாய் ஸ்பீக்கர் கட்டிய என் ஓம்னியில் மூன்று பேரும் கிளம்பினோம். வடமாலப்பேட்டை தாண்டும்வரை நான் வண்டியை விரட்டினேன். பின்சீட்டில் இருந்து கன்னியம்மா, "அவசரம் இல்ல சார், மெள்ளவே போங்க" என்றாள். நீ திரும்பி அவளைப் பார்த்தாய். "நாகு உந்தம்மா அவசரம்" என்றாய். எனக்கு இருக்கிறதம்மா என்று. அந்த ஒரு தடவை அந்த வார்த்தைக்கு ரெண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம்.

ஏர்போர்ட் வாசலில் அவர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை அட்டையில் படித்துக் கற்ற உன் இங்கிலீஷில், "மை மிஸ்டேக் சார், மை வேர்ட் மிஸ்டேக்" என்றாய். என்ன வேர்ட், என்ன மிஸ்டேக் என்று அவர்களுக்குக் கடைசிவரை புரிந்திருக்காது. ஆனால் அந்த அம்மா கன்னியம்மாவின் கையைப் பார்த்தாள், அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்தாள். பத்து நிமிஷத்தில் மாட்டியாகிவிட்டது.

பேனா பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள். கன்னியம்மா பேனாவை வாங்கவில்லை. புதுக் கையைக் கொண்டுபோய் இடது முழங்கையைச் சொறிந்தாள். நன்றாக, கண்ணை மூடிக்கொண்டு சொறிந்தாள்.

"ரெண்டு வருசமா சார். இந்தக் கையில அரிப்பு எடுத்தா செவுத்துலதான் போயி தேச்சுப்பேன்."

அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு நீ மொழிபெயர்க்கவே இல்லை. அவளே சிரித்துவிட்டாள்.

திரும்பும்போது நீ சந்தோஷப்படவில்லை. "அங்க யாருக்கோ ஒண்ணு கம்மியாயிடுச்சேரா" என்றாய். அந்த நாட்டு முகாமுக்கு வந்த எல்லோருக்கும் கை கிடைத்தது என்று பதில் வரும்வரை அவர்களுக்கு மெயில் மேல் மெயில் போட்டாய். பதில் வந்த மீட்டிங்கில்தான் சமோசாவைத் தொட்டாய். அதே மீட்டிங்கில் எழுந்து நின்று, "தப்பு நாதி" என்றாய். தப்பு என்னுடையது என்று. யாரும் கேட்காமலே. நான் பக்கத்து நாற்காலியில் மென்றுகொண்டிருந்தேன்.

இப்போது கேள் பாவா. பாலசமுத்திரத்தில் நீ எழுதும்போது நான் உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். நாலாங்கிளாஸ் என்றாலும் தெலுங்குப் பள்ளிக்கூடம், "லேது" எனக்குப் படிக்க வரும். அவள் தமிழில் சொன்னதும் எனக்குப் புரிந்தது. ரெண்டும் புரிந்தது அந்த இடத்தில் என் ஒருத்தனுக்குத்தான். இது சரியில்லையே என்று ஒரு நொடி தோன்றவும் செய்தது. ஆனால் மாமியார் ஜோக் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, மைக் கையில் இருந்தது. ஜோக்கைச் சொன்னேன்.

இதை உன்னிடம் சொல்ல எத்தனையோ நாள் கடைக்கு வந்தேன். "ஏமிரா?" என்பாய், என்னடா என்று. வேறு ஏதாவது கிண்டல் செய்துவிட்டுப் போய்விடுவேன். சொல்லியிருந்தால் நீ தலையில் ஒரு குட்டு வைத்து விட்டிருப்பாய், அதுவும் தெரியும். அந்தக் குட்டு பாக்கி நிற்கிறது.

நேற்று குடுபல்லியில் முதல் பதிவு. மைக்கை வண்டியிலேயே வைத்துவிட்டு மேசைக்குப் போனேன். கோணல் எழுத்தில் எழுதி, எழுதினதை அவர்கள் பக்கம் திருப்பி, தமிழில் ஒரு தடவை தெலுங்கில் ஒரு தடவை படித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதானா?" என்று கேட்கிறேன். ஒருத்தருக்கே அரைமணி ஆகிறது. புதுப் பிரசிடெண்ட் வாட்சைப் பார்க்கிறார். வரிசையில் இருந்து ஒருவர், "இன்னா சார், பரீட்சை எழுதுறியா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்தான். பதிலுக்கு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது பாவா. முழுங்கிவிட்டு, எதிரே நின்ற பெரியவர் சொன்னதை இன்னொரு தடவை கேட்டேன்.